நம்ம கரை வீடியோ எல்லாம் யார் கையில் இருக்கிறது?

பாம்பன்_தெற்குவாடி | சனி, இரவு 9.40

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவன் மீன்பிடி வீடியோ போட்டுவந்த பக்கம் போன வாரம் காணாமல் போய்விட்டது. பெரிய தளம்தான், பெயர் வேண்டாம். வலையில் சிக்கிய ஆமையை நூல் அறுத்துக் கடலில் விடுகிற வீடியோ ஒன்று. அதை உயிர்வதை என்று அங்கிருக்கும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. மேல்முறையீடு செய்தான். மூச்சு விடுவதற்குள் பதில் வந்துவிட்டது: பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. அதற்கு மேல் பேச ஆளும் கிடையாது, நம்பரும் கிடையாது.

வருமானம் போனது ஒரு பக்கம். அவன் தாத்தாவை உட்காரவைத்துப் பேசவிட்ட வீடியோக்களும் அதோடு போய்விட்டன. கச்சான் காற்று எப்போது அடங்கும், சோநீவாடு நீரோட்டம் இழுக்கும்போது எந்தப் பாரில் (கடலடிப் பாறையில்) வலை விட்டால் கிழியும், கரையில் தெரிகிற கோபுரத்தையும் பனையையும் ஒரே நேராக வைத்து இடம் பிடிப்பது எப்படி என்று பெரியவர் நிதானமாகச் சொல்வார். இப்போது அவர் இல்லை. போனில் இடம் இல்லையென்று தம்பி அசல் கோப்புகளை அழித்துவிட்டான். அங்கேதான் இருக்கிறதே, எதற்கு இரண்டு என்ற எண்ணம்.

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இன்றைக்கு வீடியோ எடுக்காத படகைத் தேடத்தான் வேண்டும். புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த அன்று அது ஏறி இறங்குவதை எடுக்காத போன் இல்லை. சரி, பழைய பாலத்தை ஆட்கள் நின்று கையால் சுழற்றித் திறப்பார்களே, அது யாரிடம் இருக்கிறது? இருந்தால் உங்கள் டிஸ்க்கில் இருக்கிறதா, யாரோ ஒரு கம்பெனியின் தளத்தில் மட்டும் இருக்கிறதா?

சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் இருந்தால் பேசுங்கள்.

வியூஸ்_வேட்டை | சனி, இரவு 10.15

தம்பிக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் இந்தச் சொந்தத் தளப் பேச்சு வரும்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான். அங்கே யார் வந்து பார்ப்பார்கள்?

யூடியூபில் 1,000 சந்தாதாரர், ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வை வந்துவிட்டால் விளம்பரத்தில் பங்கு கிடைக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும்போது என் வீட்டில் உலை கொதித்தது அந்தப் பணத்தில்தான். சொந்தத் தளத்தில் போட்டால் என் மச்சான் பார்ப்பான், அதுவும் நான் போன் போட்டுச் சொன்னால். படித்தவர்கள் பேசிக்கொள்கிற விஷயம் இது. இராமேஸ்வரம் ஜெட்டியில் நின்று பேசிப் பாருங்கள்.

சர்வர்காரன் | சனி, இரவு 11.02

தொண்டிக்காரன், இப்போது பிழைப்பு சென்னையில். அண்ணே, யூடியூபை விட்டு வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆட்கள் பார்க்கிற இடம் வேறு, அசல் இருக்கிற இடம் வேறு. முதலில் உங்கள் முகவரியில் போடுவது, அப்புறம் அங்கிருந்து ஃபேஸ்புக், யூடியூப், இன்ஸ்டா என்று எல்லா இடத்துக்கும் நகல் அனுப்புவது. 2011இலிருந்து இண்டிவெப் என்று ஒரு கூட்டம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. பணம் வருகிற இடத்தில் வரட்டும். பக்கம் போனால் பொருளும் சேர்ந்து போகக்கூடாது, அவ்வளவுதான்.

பெரிய கம்பெனி போகாது என்று நினைப்பவர்களுக்காக: ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடியது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல். அதே ஆண்டு மைஸ்பேஸ், சர்வர் மாற்றியபோது பழைய பாட்டுகள் எல்லாம் தொலைந்துவிட்டன என்று ஒரு வரியில் சொல்லி முடித்தது. யாஹூ குழுமங்களில் இருந்த பழைய தமிழ் மடல்கள் எல்லாம் 2019 டிசம்பரோடு போயின. டிக்டாக் கதை இன்னும் வேறு. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை போட்டது, அதையும் சேர்த்து 59 செயலிகளுக்கு. கம்பெனியும் மூடவில்லை, வீடியோ போட்டவரும் தப்புச் செய்யவில்லை. இரவோடு இரவாகக் கதவு சாத்தியது.

நம் ஊருக்கு நேராகத் தொடுகிற ஒன்று: 2025 பிப்ரவரியிலிருந்து ஃபேஸ்புக் நேரலை வீடியோக்கள் 30 நாள்தான் இருக்கும். பழைய நேரலைகளையும் அழிக்கப்போகிறோம் என்று சொல்லி, இறக்கிக்கொள்ள 90 நாள் அவகாசம் கொடுத்தார்கள். ஏர்வாடி சந்தனக்கூடு, ஓரியூர் திருவிழா என்று நேரலை விட்டவர்களில் எத்தனை பேர் இறக்கினீர்கள்? அறிவிப்பு வந்ததாவது தெரியுமா?

ஏர்வாடி_வாசகன் | சனி, இரவு 11.20

தெரியாது. இப்போதுதான் போய்ப் பார்த்தேன். 2018 சந்தனக்கூடு இல்லை, 2022 இல்லை. ஊர்வலத்தை மாடியிலிருந்து எடுத்தது.

கீழக்கரை_காக்கா | ஞாயிறு, காலை 7.05

துபாயிலிருந்து எழுதுகிறேன். வலைப்பூ காலத்து ஆள் நான். 2004இல் வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் வந்தபோது காலையில் எழுந்ததும் அதைத் திறந்து யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. எல்லாருக்கும் கூகுளின் பிளாக்ஸ்பாட். இலவசம். 2012 வாக்கில் இந்தியாவிலிருந்து திறந்தால் டாட் காம் முகவரி டாட் இன் ஆகத் திரும்பும்படி கூகுள் செய்தது. நாமும் மேலே தெரிந்த முகவரியையே நகலெடுத்து எல்லாருக்கும் அனுப்பினோம். 2020இல் அந்த பிளாக்ஸ்பாட் டாட் இன் பெயர் கூகுள் கையைவிட்டே போனது. எழுதியவை டாட் காமில் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவற்றைக் காட்டிய இணைப்புகள் செத்துவிட்டன. கூகுளுக்கே அந்த கதி. முகவரி நம் பெயரில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னொரு விஷயம் மனதில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் வீடுகளில் அரபுத்தமிழ்க் கையெழுத்து இருக்கும். கொழும்புக்குக் கடை பார்க்கப் போன மாப்பிள்ளைகளுக்குப் பெண்கள் எழுதிய கடிதங்கள், மருத்துவக் குறிப்பு, பாடல். ஒரு சமூக வலைத்தளக் குழுவில் ஆளாளுக்குப் போனில் படம் பிடித்து ஏற்றினார்கள். அரபு எழுத்தில் ட, ப, ங மாதிரியான தமிழ் ஒலிகளுக்குக் கூடுதலாகப் புள்ளி வைத்து எழுதுவார்கள். ஏற்றும்போது தளம் படத்தைச் சுருக்குமல்லவா? மங்கின மையில், அந்தப் பொடிப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. எந்த எழுத்து என்று எங்கள் பெரியம்மாவாலேயே சொல்ல முடியவில்லை. மூலக் காகிதம் சிலது கரையான் தின்றது, சிலது வீடு மாறும்போது போனது. குழுவை நடத்தியவர் மௌத்தாகிவிட்டார். இப்போது புதிதாக யாரையும் உள்ளே சேர்க்கவும் முடியாது.

அதனால் வியூஸ் தம்பி, பணத்தை மட்டும் வைத்துப் பார்க்காதீங்க.

வியூஸ்_வேட்டை | ஞாயிறு, காலை 8.30

காக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. கடிதத்துக்குச் சரி. என்னுடையது அன்றாடப் பிழைப்பு. இன்றைக்கு என்ன மீன், என்ன விலை போனது, ஏலத்தில் யார் எடுத்தார்கள். நாளைக்கு அதை யார் தேடப் போகிறார்கள்?

பாம்பன்_தெற்குவாடி | ஞாயிறு, காலை 9.10

நான் தேடுவேன். பத்து வருடம் முன்னால் பாக் நீரிணைப் பக்கம் என்ன மீன் எந்த மாதம் பட்டது என்று உன் வீடியோவைவிட நல்ல கணக்கு வேறெங்கும் கிடைக்காது மாப்ள. பின்னால் தட்டில் கிடக்கிற மீனைப் பார்த்தாலே போதும்.

எனக்கு இதைப் பார்த்தால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கின படகுதான் ஞாபகம் வருகிறது. மோட்டாருக்கு, வலைக்கு என்று கையில் காசு கொடுப்பார். அப்புறம் பிடிக்கிற மீன் எல்லாம் அவருக்குத்தான், அவர் சொல்கிற விலைக்கு. கரையில் நாலு பேர் கூடக் கேட்டாலும் கொடுக்க முடியாது. கடனே தீராது.

வியூஸ்_வேட்டை | ஞாயிறு, காலை 9.25

அந்த வியாபாரி இல்லையென்றால் மோட்டாரே இல்லை, அதையும் சேர்த்துச் சொல்லு. பாங்கிலா கொடுத்தான்?

சர்வர்காரன் | ஞாயிறு, காலை 9.48

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஒரு திருத்தம் மட்டும். சட்டப்படி உங்கள் வீடியோ உங்களுடையதுதான், ஃபேஸ்புக் விதிமுறையே அப்படித்தான் சொல்கிறது. அதைக் காட்ட, நகலெடுக்க, பிறருக்குக் கொடுக்க, காசு கொடுக்காமல் உலகமெங்கும் பயன்படுத்த அவர்களுக்கு நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்கள். பொருளின் உரிமை போகவில்லை. பார்ப்பவர்களிடம் நேராகப் போகிற வழிதான் உங்களிடம் இல்லை. ஒரு லட்சம் சந்தாதாரர் இருந்தாலும் அவர்களில் ஒருவருடைய மின்னஞ்சல்கூட உங்களுக்குத் தெரியாது. தங்கச்சிமடத்துத் தம்பி நாளைக்கே புதுப் பக்கம் தொடங்கினாலும் பழைய ஆட்களுக்கு எப்படிச் சொல்வான்?

மண்டபம்_டீச்சர் | ஞாயிறு, பகல் 12.30

நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் 'என் வீடியோ', 'என் பக்கம்' என்று பேசுகிறீர்கள். வீடியோவில் இருக்கிற ஆட்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பாசி எடுக்கப் போகிற அக்காமாரோடு பழகுகிறவள் நான். விரல்களில் கிழிதுணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். வீடியோ எடுக்க வருகிறவர்கள் அதிகம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து தேசியப் பூங்கா. பின்னணியில் எந்தத் தீவு தெரிகிறது என்று பார்த்தே வனத்துறை ஆளைக் கண்டுபிடித்துவிட முடியும். வீடியோ போட்டவருக்குப் பார்வை கிடைத்தது. வழக்கு வந்தால் யாருக்கு வரும்?

ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: 'அந்த வீடியோவை அழிக்கச் சொல்லு டீச்சர்.' எடுத்தவர் நல்ல பிள்ளை, உடனே அழித்துவிட்டார். ஆனால் அதற்குள் வேறு நாலு பக்கங்கள் அதை இறக்கித் தங்கள் பெயரில் போட்டிருந்தன. அவர்களை எங்கே போய்ப் பிடிப்பது?

வியூஸ்_வேட்டை | ஞாயிறு, பகல் 1.05

டீச்சர், நான் அக்காமாரைக் கேட்காமல் கேமராவைத் தூக்குவதில்லை, அது இந்தக் கரைக்கே தெரியும். ஆனால் நீங்கள் சொல்வது எங்களுக்கும்தான். தூண்டில் போடுகிற பாரைக் காட்டிவிட்டோம் என்று பெரியவர்கள் என்னை வைத ஏச்சு கொஞ்சமா? ஜிபிஎஸ் திரையை மறைக்காமல் போட்ட ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு மறுவாரமே வேறு ஊர்ப் படகு அங்கே நின்றது. அதைச் சொந்தத் தளத்தில் போட்டாலும் அதே கதைதானே?

மண்டபம்_டீச்சர் | ஞாயிறு, பகல் 1.20

அதேதான் தம்பி. அதனால் சிலதை வைத்துக்கொள்ளலாம், வெளியிட வேண்டாம். என்னிடம் அக்காமார் பாடின பாட்டுகளின் ஒலிப்பதிவு இருக்கிறது. ஒன்றையும் நான் எங்கும் ஏற்றவில்லை. அவர்கள் கூடி எது வெளியே போகலாம் என்று சொல்லட்டும். அதுவரை பத்திரமாக வைக்க இடம் வேண்டும். என் கேள்வி அவ்வளவுதான்.

தேவிபட்டினம்_ஸ்டூடியோ | ஞாயிறு, மாலை 4.45

சொந்தத் தளம் என்றால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒரு சங்கம் நல்லதாய் ஒரு தளம் செய்தது. ஊர் வரலாறு, பழைய புகைப்படங்கள், என் அப்பா எடுத்ததும் உண்டு. செய்துகொடுத்தவர் முகவரியைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிந்திருந்தார். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மடல் எல்லாம் அவருக்கே போனது. இப்போது அந்த முகவரியைத் திறந்தால் ரம்மி ஆட்டம் வருகிறது. ஊர்ப் பெயரில் ரம்மி!

சர்வர்காரன் | ஞாயிறு, இரவு 8.10

ஸ்டூடியோ அண்ணன் சொன்னதுதான் அடிக்கடி நடக்கிறது. முகவரியை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, வருடக் கணக்கில் குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். காசு கட்டவில்லை என்றால் சிறிது அவகாசத்துக்குப் பிறகு சந்தைக்கு வந்துவிடும். பழைய முகவரிக்கு ஏற்கெனவே ஆள் வரத்து இருக்கும் என்பதால் சூதாட்டக்காரர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். பத்து ஆண்டு வரை ஒரேயடியாகப் பதியலாம். பதிவு உங்கள் பெயரில், நீங்கள் தினமும் பார்க்கிற மின்னஞ்சலில் இருக்க வேண்டும். செய்துகொடுப்பவருக்கு வேலைக்கான சாவி மட்டும் போதும்.

உண்மையிலேயே சொந்தம் என்று சொல்ல முடிந்தது கோப்புதான். அதில் தொடங்குவோம். கேட்டவர்களுக்காக, எனக்குப் பட்டதைக் கொட்டுகிறேன்.

ஃபேஸ்புக்கில் 'உங்கள் தகவலை இறக்கு' என்ற வசதி 2010இலிருந்தே உண்டு. கேட்கும்போது ஹெச்டிஎம்எல் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜேசன் என்று இன்னொன்று இருக்கும். அதில் எடுத்தால் தமிழ் அத்தனையும் சிதைந்து, தொப்பி போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமாக வரும். அழிந்துவிடவில்லை, சின்ன நிரல் எழுதினால் மீட்கலாம், ஆனால் எதற்கு அந்த வேலை? யூடியூப் ஸ்டூடியோ வழியாக இறக்கினால் 720 பிக்சல் தரத்துக்கு மேல் கிடைக்காது. நம் கோப்புகளை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாகக் கேட்பது நல்லது. இன்னொன்று, இரண்டு வருடம் திறக்காத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்கலாம். இறந்துபோன உறவினர் கணக்கில் படங்கள் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் கழன்றுவிடும். கடலில் படகை மறித்தார்கள், வலையை வெட்டினார்கள் என்று நம் ஆட்கள் எடுக்கிற வீடியோக்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஃபார்வர்டு ஆகி வந்த நகலை எங்கே, எப்போது எடுத்தது என்று கேட்டால் பதில் இருக்காது. அனுப்பத்தான் வேண்டுமென்றால் டாக்குமென்ட் என்று இணைத்து அனுப்புங்கள். அசலை அந்தப் போனிலிருந்து கேபிள் போட்டு எடுத்து வையுங்கள்.

டிஸ்க் விஷயத்தில் நம் கரைக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு, உப்புக்காற்று. ஜன்னலோரம் வைத்த ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பு முனையில் பச்சை பிடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மூடி இறுகின டப்பாவில் சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இன்னொரு நகல் பரமக்குடியிலோ மதுரையிலோ சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி போன கரை இது. எல்லா நகலும் தீவுக்குள்ளேயே இருப்பது புத்திசாலித்தனம் இல்லை.

தளம் என்றால் பயப்பட வேண்டாம். எழுத்தும் படமும்தான் என்றால் வேர்ட்பிரஸ் போதும், 2003இலிருந்து ஓடுகிற இலவச மென்பொருள், எழுத்து மொத்தத்தையும் ஒரே கோப்பாக வெளியே எடுத்து வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், படங்களை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். பெரிய வீடியோவைச் சொந்த சர்வரில் வைத்தால் செலவு எகிறும், அது யூடியூபிலேயே ஓடட்டும். உங்கள் பக்கத்தில் அதற்கான இணைப்பும், பேச்சை எழுத்தாக்கினதும் இருந்தால் போதும். அப்புறம், 'புதுசு வந்தால் மடல் அனுப்பவா' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் ஐம்பது பேர் பதிந்தாலும் அந்த ஐம்பது பேர் உங்கள் ஆட்கள்.

கீழக்கரை_காக்கா | ஞாயிறு, இரவு 9.00

எழுத்துரு விஷயத்தையும் சேர்த்துக்கோங்க தம்பி. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் என்னிடமே கட்டுக்கட்டாய் இருக்கின்றன. திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி வைத்தால்தான் அடுத்த தலைமுறை தேடிக் கண்டுபிடிக்கும்.

பாம்பன்_தெற்குவாடி | ஞாயிறு, இரவு 9.22

பெரியவர்கள் குரலுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பாம்பனிலேயே 2016இலிருந்து கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி ஓடுகிறது. ஒலிப்பதிவில் பழகினவர்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

சர்வர்காரன் | ஞாயிறு, இரவு 9.40

ஆர்க்கைவ் 1996இலிருந்து இருக்கிற லாப நோக்கமில்லாத நிறுவனம். பொதுவில் விடலாம் என்று முடிவான எதையும் அங்கே ஒரு நகல் போடலாம். தங்கச்சிமடத்துத் தம்பியின் பக்க முகவரியை பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துக் காட்டும் அவர்களுடைய வேபேக் மெஷினில் போட்டுப் பார்த்தேன், பக்கத்தின் முகப்பு இருக்கிறது, வீடியோ இல்லை. விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கிற விக்கிமீடியா காமன்ஸ் இன்னொரு இடம், ஆனால் அங்கே போட்டால் யாரும் எதற்கும், வியாபாரத்துக்கும்கூட, எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்ததாக அர்த்தம். டீச்சர் வைத்திருக்கிற பாட்டுகளை அங்கே போடவே கூடாது.

வியூஸ்_வேட்டை | ஞாயிறு, இரவு 10.05

அந்தத் தாத்தா வீடியோவில் ஒன்று என்னிடம் முழுசாக இருக்கிறது, காற்றைப் பற்றிப் பேசுவது. நான் ரியாக்‌ஷன் போட்டபோது இறக்கினது. தெற்குவாடி, தம்பி நம்பரை உள்பெட்டியில் அனுப்பு. டாக்குமென்டாகவே அனுப்புகிறேன், சர்வர்காரன் திட்ட வேண்டாம்.

டேக்அவுட் கொடுத்திருக்கிறேன். எத்தனை ஜிபி வரும் என்று நினைத்தாலே தலை சுற்றுகிறது. தளம் பற்றி அப்புறம் பார்ப்போம். இப்போதைக்கு டிஸ்க் ஒன்று வாங்குகிறேன்.

மண்டபம்_டீச்சர் | திங்கள், காலை 6.50

அக்காமாரிடம் பேசினேன். பாட்டுகளை வைத்துக்கொள்ளலாம், இப்போது வெளியிட வேண்டாம் என்றார்கள். பாசியை எப்படிக் காயவைப்பது, எந்த மாதம் எடுக்கக் கூடாது என்பதைத் தாங்களே சொல்லி ஒரு பக்கத்தில் போடலாம், ஆனால் முகம் வேண்டாம், கை மட்டும் தெரியட்டும் என்கிறார்கள். முகவரி தமிழிலேயே கிடைக்குமா? அவர்களுக்கு ஆங்கில எழுத்துப் படிக்க வராது.

சர்வர்காரன் | திங்கள், காலை 7.30

கிடைக்கும் டீச்சர். டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடிகிற முகவரி உண்டு. உலாவியில் அடித்தால் திறக்கும். நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சில போன்களில் 'எக்ஸ்என்' என்று தொடங்குகிற புரியாத எழுத்துக்கோவையாக மாறிவிடும், அதைப் பார்த்து வைரஸ் என்று பயந்து யாரும் தொட மாட்டார்கள். அதனால் தமிழில் ஒன்று, சின்னதாக டாட் இன் ஒன்று, இரண்டும் எடுத்து ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். பதிவு யார் பெயரில்?

மண்டபம்_டீச்சர் | திங்கள், காலை 7.42

என் பெயரில் வேண்டாம், எனக்கு மாற்றல் வரலாம். மகளிர் குழுத் தலைவி பெயரில் போடுவோம். அவருக்கு மின்னஞ்சல் கிடையாது, இன்று மாலை வீட்டுக்குப் போய் ஒன்று தொடங்கிக் கொடுக்கிறேன். கடவுச்சொல்லைக் குழுவின் வரவுசெலவு நோட்டிலேயே எழுதி வைத்துவிடலாமா?

சர்வர்காரன் | திங்கள், காலை 7.50

நோட்டு பூட்டி வைக்கிற பெட்டியில் இருந்தால் தாராளமாக.